எம்.எம்.பி-9 பாசிட்டிவ் என்றால் தைராய்டு கண்ணுக்குள் எரிகிறது என்று அர்த்தமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு 41 வயது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய். ஒன்றரை வருடமாக அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதமாக இரண்டு கண்ணும் சிவந்து, எரிந்து, தண்ணீராக ஊற்றுகிறது. வேலூரில் காட்டினோம். பட்டைச் சோதனையில் கண்ணீரில் எம்.எம்.பி-9 என்ற அழற்சி நொதியைப் பார்த்துவிட்டு 'பாசிட்டிவ்' என்றார்கள். ஆனால் கண்குழி அழற்சியைக் கணிக்கும் சி.ஏ.எஸ். மதிப்பெண் 2தான், ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்று சொட்டு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழற்சி இருக்கிறது என்று டெஸ்ட்டே சொல்லும்போது எப்படி அப்படியே விடலாம்? வேறு பெரிய டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டையில் தெரிந்த கோடு அக்காவின் கண்ணின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்கிறது. ஸ்டீராய்டு ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது கண்ணுக்குப் பின்னால், எலும்புக் குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடு ஒன்றுதான். ஆனால் திண்ணையில் புகை வந்தால் உள்ளறையில் தீப்பிடித்துவிட்டது என்று ஆகிவிடாது. அதற்காகத் திண்ணைப் புகையைச் சும்மா விடலாம் என்றும் இல்லை, அதற்கும் வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. வேலூரில் கண் கிளினிக்குகளில் ஆப்டோமெட்ரிஸ்டாக 28 வருடம் வேலை பார்த்தவன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் அக்காவின் டாக்டரோடு பேசித்தான்.

கிரேவ்ஸ் நோயில் தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள் ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. டி.எஸ்.ஹெச். என்ற, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். அதே மாதிரி இடம் கண்குழிக்குள் இருக்கும் நார்த்திசு அணுக்களிலும் உண்டு. அங்கேயும் போய்த் தூண்டினால் கண்ணை அசைக்கும் தசைகளும் சுற்றியுள்ள கொழுப்பும் நீர்கோத்து வீங்கும். எலும்புக் குழி விரிந்து கொடுக்காது. வீங்கியதற்கு வழி முன்பக்கம் மட்டும்தான், அதனால் கண் முன்னே தள்ளப்படுகிறது. மேல் இமையும் ஏறிக்கொள்கிறது. ஊரில் 'முட்டக்கண்ணு' என்று கேலி செய்வார்களே, அந்தத் தோற்றம் இப்படி வருவதுதான். இது உள்ளறைக் கதை.

திண்ணைக் கதை வேறு. இமை ஏறி, கண் முன்னே வந்துவிட்டால் காற்றுபடும் பரப்பு கூடிவிடும். கண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமன்தான். அது காய எவ்வளவு நேரம் ஆகும்? இமைப்பதும் முழுதாக நடப்பதில்லை; பாதி மூடித் திரும்பிவிடுகிறது. இரவில் கண் சரியாக மூடாது. கண்ணீர்ச் சுரப்பியிலும் அந்த எதிர்ப்பொருள் உட்காரும் இடம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆகவே சுரப்பும் பாதிக்கப்படலாம். படலம் காய்ந்தால் மிச்சமிருக்கும் கண்ணீரில் உப்பு கூடுகிறது. உப்பு கூடினால் மேற்பரப்பு அணுக்கள் அபாய மணி அடிக்கின்றன. அழற்சிப் புரதங்கள் கொட்டுகின்றன. அவை அணுக்களை இன்னும் கெடுக்க, படலம் இன்னும் வேகமாக உடைகிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

"தண்ணி ஊத்துதே, அப்புறம் எப்படி சார் காய்ஞ்ச கண்ணுன்றீங்க?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. எரிச்சல் தாங்காமல் அனிச்சையாக ஊற்றும் தண்ணீர் அது. எண்ணெயும் பசையும் சரியான அளவில் இல்லாத வெறும் தண்ணீர். கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். நம்மூரைச் சொல்லும்போது 'தண்ணியில்லா ஆறு' என்று கிண்டல் செய்வார்களே, பாலாற்றில் என்றைக்காவது வெள்ளம் வந்தாலும் அப்படித்தான்: இரண்டு நாள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம், மூன்றாம் நாள் மணல் தெரியும்.

இப்போது எம்.எம்.பி-9. இது ஒரு நொதி. வேலையே வெட்டுவதுதான். கருவிழியின் மேல்தோல் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகளை அறுத்துவிடும். நல்ல கண்ணிலும் கொஞ்சம் இருக்கும். மேற்பரப்பு அழற்சி வந்தால் எகிறும். அக்காவுக்குச் செய்த பட்டைச் சோதனை கீழ் இமையின் உட்பக்கம் சில இடங்களில் ஒற்றி எடுத்து, 10 நிமிடம் வைத்துப் பார்ப்பது. மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கோடு விழும். விழுந்தால் பாசிட்டிவ், அவ்வளவுதான். 45 இருந்தாலும் பாசிட்டிவ், 400 இருந்தாலும் பாசிட்டிவ். கோடு அழுத்தமாக இருந்தால் அளவு கூட என்று ஊகிக்கலாமே தவிர எண் கிடைக்காது.

எதனால் கூடியது என்பதையும் அந்தக் கோடு சொல்லாது. அலர்ஜி, இமை விளிம்பு அழற்சி, மெட்ராஸ் ஐ, சமீபத்தில் செய்த கண் அறுவை சிகிச்சை, கண்ணையும் வாயையும் காயவைக்கும் ஷோக்ரன் நோய் என்று எதிலும் வரும். தைராய்டு கண்நோயில் மேற்பரப்பு பாதிக்கப்பட்டவர்களிடமும் வரும். ஆக அக்காவின் பாசிட்டிவுக்கு அர்த்தம்: இது வெறும் உலர்ச்சி இல்லை, மேற்பரப்பில் அழற்சியும் சேர்ந்திருக்கிறது, வெறும் செயற்கைக் கண்ணீர் போதாமல் போகலாம். சிகிச்சைக்கு உதவும் செய்திதான். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

ஆராய்ச்சிகளில் இன்னும் பல குறிகாட்டிகள் உண்டு. தைராய்டு கண்நோயாளிகளின் கண்ணீரில் ஐ.எல்-1 பீட்டா, ஐ.எல்-6, ஐ.எல்-8, ஐ.எல்-17, டி.என்.எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நோய் கொழுந்துவிட்டு எரியும் கட்டத்தில் இருப்பவர்களிடம் சில புரதங்கள் இன்னும் கூடுதல். விழிவெண்படலத்தில் ஒரு வடிதாளை ஒற்றி, ஒட்டி வரும் அணுக்களில் ஹெச்.எல்.ஏ-டி.ஆர். என்ற அழற்சி அடையாளம் எவ்வளவு என்று எண்ணுவதும் உண்டு. நல்ல அறிவியல்தான். ஆனால் ஐம்பது பேரைக் கூட்டாகப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசம், ஒற்றை ஆளை எதிரே உட்காரவைத்து முடிவெடுக்க உதவாது. நோயாளியின் எண்ணும் நல்ல கண்ணின் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இதற்காக யாராவது பணம் கேட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கண்ணீரின் உப்புச் செறிவு பார்க்கும் கருவி சில இடங்களில் இருக்கிறது. 308-க்கு மேல் போனாலோ, இரண்டு கண்ணுக்கும் நடுவே 8-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ படலம் சரியில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இதில் ஒரு நடைமுறைச் சங்கதி உண்டு. குடியாத்தத்திலிருந்து ஜன்னலோர சீட்டில் அனல்காற்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, இறங்கின கையோடு டெஸ்ட்டுக்கு உட்கார்ந்தால் என்ன எண் வரும்? கத்திரி வெயிலில் வேலூர்க் காற்றில் நல்ல கண்ணே காய்ந்துபோகும். அரை மணி நேரமாவது நிழலில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள். அன்று காலையில் சொட்டு மருந்து எதுவும் போட வேண்டுமா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எம்.பி. பட்டையாக இருந்தாலும் மரத்துப்போகும் சொட்டும் சாயமும் போடுவதற்கு முன்னால்தான் எடுக்க வேண்டும்.

இனி என் கட்சி. பட்டையைவிடப் பழைய சோதனைகள்தான் எனக்குப் பிடிக்கும். ஷிர்மர் தாள் 1903-இல் வந்தது. கீழ் இமையில் தாளை மாட்டி 5 நிமிடம் விடுவோம். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் சுரப்பு மோசம். அக்கா மாதிரி எரிச்சலில் ஊற்றும் கண்ணில் இந்தத் தாள் சில சமயம் முழுக்க நனைந்து நம்மை ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தது, சாயம் போட்டு நீலவெளிச்சத்தில் 'இமைக்காதீங்கம்மா' என்று சொல்லிவிட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணுவது. 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம், அதே சாயம் கருவிழியில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பது. சில ரூபாய்ச் சாயத் தாள், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்லிட் லேம்ப், பார்க்கத் தெரிந்த கண், இது போதும். புள்ளிகள் கீழ்ப்பகுதியில் பட்டையாகக் கிடந்தால் கண் மூடவில்லை, காற்றில் காய்கிறது என்று அர்த்தம். மேலே, கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில் கிடந்தால் கதை வேறு. இறுகிப்போன மேல் இமை கண்ணை உரசி உரசி அந்த இடம் சிவந்து தடித்துப்போகும். 1963-இல் தியோடர் என்பவர் விவரித்த மேல்விளிம்பு அழற்சி இது. தைராய்டுக்காரர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆனால் நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்கினால்தான் தெரியும். தூக்காமல் 'அலர்ஜி' என்று எழுதி அனுப்பப்பட்டு, வருடக்கணக்கில் அலர்ஜி சொட்டு போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அக்காவுக்கு மேல் இமையைத் தூக்கிப் பார்த்தார்களா என்று மறக்காமல் கேளுங்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் 'பெரிய டெஸ்ட்'டைவிட இது பெரிது.

சி.ஏ.எஸ். மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். கண்குழி அழற்சி உயிரோடு இருக்கிறதா, அடங்கிவிட்டதா என்று கணிக்க ஏழு அறிகுறிகள் பார்ப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் தானாக வரும் வலி, கண்ணை அசைக்கும்போது வலி, இமைச் சிவப்பு, விழிவெண்படலச் சிவப்பு, இமை வீக்கம், மூக்கோரச் சதைத்திட்டின் வீக்கம், விழிவெண்படலம் நீர்கோத்துப் பொங்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் தீவிர கட்டம். இந்த ஏழில் விழிவெண்படலச் சிவப்பு எதனால் வேண்டுமானாலும் வரும். கண் காய்ந்தாலே சிவக்கும். சில சமயம் மூக்கோரத் திட்டும் உடன் சிவந்து லேசாகத் தடிக்கும். அப்படியானால் அக்காவின் 2 மதிப்பெண்ணில் எத்தனை உள்ளறைக்குச் சொந்தம், எத்தனை திண்ணைக்கு?

அதனால்தான் அந்த மருத்துவரின் போக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. மேற்பரப்பை முதலில் ஆற்றிவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி மதிப்பெண் போட்டால் மிச்சமிருக்கும் சிவப்பு யாருடையது என்று தெளிவாகிவிடும். ஸ்டீராய்டு ஊசி என்பது சாதாரண விஷயமில்லை. வழக்கமான முறையில் வாரத்துக்கு 500 மில்லிகிராம் மீதைல்பிரட்னிசலோன் ஆறு வாரம், பிறகு 250 மில்லிகிராம் ஆறு வாரம், மொத்தம் நாலரை கிராம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டு கொடுப்பது. கண் காய்ந்த சிவப்புக்காக அதை வாங்கிக்கொள்ளச் சொல்லவா முடியும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டுமானால் அதற்குக் கண்ணீர் உதவாது. முதலில் சொன்ன அந்த எதிர்ப்பொருளின் (டி.எஸ்.ஹெச். ஏற்பி எதிர்ப்பொருள்) அளவை ரத்தத்தில் பார்க்கலாம்; அது கூடுதலாக இருந்தால் கண்நோய் வேகம் பிடிக்கும் வாய்ப்பும் கூட. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தசைகளில் நீர்கோத்திருப்பது தெரியும். ஹெர்ட்டல் என்ற அளவுகோலை வைத்துக் கண் எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வருகையிலும் எழுதி வைப்பார்கள். 2 மில்லிமீட்டர் கூடினால் அலட்சியம் செய்யக் கூடாது. பழைய போட்டோ இரண்டு மூன்றைக் கொண்டுபோங்கள், கல்யாண ஆல்பமே போதும். அதை வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, காசில்லாதது. அக்கா நன்றாகத் தூங்கின பிறகு, முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் பகலில் எத்தனை சொட்டு விட்டாலும் இரவில் எல்லாம் போய்விடும். கெட்டியான ஜெல்லோ களிம்போ போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடி இமைக்கு மேல் மருத்துவ டேப் ஒட்டிப் படுக்க வேண்டியிருக்கும். ஃபேன் நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று வேலூர்க்காரனிடம் சொல்ல எனக்கே வாய் வராது; கட்டிலைத் திருப்பிப் போடுங்கள், காற்று கால்பக்கம் வரட்டும். தலைக்குக் கூடுதலாக ஒரு தலையணை வைத்தால் காலையில் இமை வீக்கமும் குறையும்.

பகலில் விடும் செயற்கைக் கண்ணீர் பதப்படுத்தும் ரசாயனம் இல்லாததாக இருக்கட்டும். பென்சல்கோனியம் குளோரைடு கலந்ததை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை விட்டால் அந்த ரசாயனமே மேற்பரப்பைக் கெடுக்கும். எம்.எம்.பி. பாசிட்டிவ் என்பதால் அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதியிருக்கலாம். அது ஆரம்பத்தில் எரியும், பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். 'போட்டேன், இன்னும் எரியுது, தூக்கிப் போட்டுட்டேன்' என்பது நான் அதிகம் கேட்ட வாக்கியம். கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் வைப்பதும் உண்டு, ஆனால் அழற்சி அடங்கின பிறகு. அதற்கு முன் அடைத்தால் அழற்சிப் புரதங்கள் நிறைந்த கண்ணீரைக் கண்ணிலேயே தேக்கி வைத்த மாதிரி.

ஸ்டீராய்டு சொட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வாரத்துக்கு டாக்டர் எழுதினால், கண் அழுத்தம் பார்த்துக்கொண்டு போடலாம்; நன்றாகக் கேட்கும். ஆபத்து அது நன்றாகக் கேட்பதில்தான் இருக்கிறது. பல வருடம் முன்பு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் அதே சொட்டை ஏழெட்டு மாதமாக வாங்கிப் போட்டிருக்கிறார், 'அதுதான் சில்லுனு இருக்குது' என்று. சிவப்பு சுத்தமாக இல்லை. கண் அழுத்தம் 38, ரொம்ப அதிகம். பார்வை நரம்பு பாதி போயிருந்தது. நந்தியாவட்டைப் பூவைப் பிழிவது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் தடவுவது எல்லாம் அக்காவின் கண்ணுக்கு வேண்டாம். மேல்தோல் உரிந்த கருவிழியில் கிருமி ஏற எவ்வளவு நேரம்? கண் மையையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் துளைகளை அது அடைக்கும்.

குடியாத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா? அக்கா பீடி சுற்றுகிறாரா? தைராய்டு கண்நோயை மோசமாக்கும் விஷயங்களில் நம் கையில் இருப்பவற்றுள் முதலிடம் புகைக்குத்தான். பிடிப்பவருக்கு நோய் கடுமையாகிறது, மருந்தும் சரியாகக் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சுவாசிப்பதும் நல்லதில்லை. இலையும் தூளும் மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றினால் புகையிலைத் தூசி கண்ணில் படாமல் இருக்காது. பிழைப்பை விடு என்று சொல்வது எளிது, நான் சொல்ல மாட்டேன். காற்றோட்டமான இடம், பக்கம் மூடிய கண்ணாடி, கை கழுவாமல் கண்ணைத் தொடாமை, இவ்வளவாவது முடியும்.

செலினியம் மாத்திரை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 2011-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் லேசான நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம், ஆறு மாதம் கொடுத்ததில் பலன் தெரிந்தது உண்மை. அங்கே மண்ணிலும் சாப்பாட்டிலும் செலினியம் குறைவு என்பதும் உண்மை. டாக்டர் எழுதினால் சாப்பிடட்டும், நீங்களாக வாங்கித் தர வேண்டாம்.

கார்பிமசோல் விஷயத்தில் ஒரு வார்த்தை. டி.எஸ்.ஹெச். மேலும் கீழும் ஆடாமல் நிலையாக இருப்பது கண்ணுக்கு நல்லது. தைராய்டு சுரப்பை அடக்கக் கொடுக்கும் கதிர் அயோடின் பற்றிப் பேச்சு வந்தால் கண்ணில் பிரச்சினை இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது சிலருக்குக் கண்நோயைக் கிளப்பிவிடும், தடுக்க ஸ்டீராய்டு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள்.

அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. நிறங்கள் மங்கித் தெரிந்தால், குறிப்பாகச் சிவப்பு ஒரு கண்ணில் வெளுத்துத் தெரிந்தால், வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கின்றன என்று அர்த்தமாகலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குங்குமச் சிமிழைப் பார்க்கச் சொல்லி, பிறகு மற்றக் கண்ணால் பார்க்கச் சொன்னால் போதும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, குத்தும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை என்றால் புண். இரண்டுக்கும் அன்றைக்கே கிளம்ப வேண்டும், ராத்திரியானாலும். வேலூரில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1902-இல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரி இன்று கண்ணுக்கென்றே ஆரணி ரோட்டில் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வி போதும்: சாயம் கருவிழியில் எந்தப் பக்கம் ஒட்டியது, இரவில் கண் முழுசாக மூடுகிறதா, அந்த 2 மதிப்பெண் எந்த இரண்டுக்கு. செல்போனில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். பதில் கிடைத்ததும் எழுதுங்கள், மேலே பேசுவோம்.